காலையில் மூடாத கை

எங்கள் காம்பவுண்டில் ஒருவன் குடித்துக் குடித்தே செத்துப்போனான். பிணத்தைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து அழுதார்கள். "தங்கமான மனுஷன், யாரையும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரே" என்று ஒரு அம்மா ராகம் போட்டாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு அது தாங்கவில்லை.

"யாரும்மா தங்கம்? போன வாரம் கூட இவளை ரோட்ல போட்டு மெதிச்சான். செத்துட்டான், பாவம், அது வேற. தங்கம்னு சொல்லாத."

அழுகை நின்றுபோனது. எல்லோரும் அக்காவை முறைத்தார்கள். செத்தவனுடைய மனைவி மட்டும் தலையை நிமிர்த்தி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அவள் அழ ஆரம்பித்தாள். அதுவரை அவள் அழவே இல்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த அக்காவைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். நினைத்தாலே கோபம் வருகிறது. அவர் மீது அல்ல.

கொரட்டூரில் எனக்கு அடுத்த போர்ஷனில் இருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வாஷரும் க்ளிப்பும் அடிக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் நானும் அவரும் வேலை பார்த்தோம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். புருஷன் வேறு ஒருத்தியோடு போய்விட்டான். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். இதற்கு மேல் அவருடைய முன்கதை எனக்குத் தெரியாது. நான் கேட்கிற ஆளும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், நாலு பேர் கூடினால் சுவர் ஓரமாகப் போய் நிற்கிறவன். அக்கா பேசுவார், நான் கேட்பேன். எங்கள் பழக்கம் அப்படித்தான் ஓடியது.

கூட்டிச் சொல்கிற பேச்சு அவருக்கு ஆகாது. "ஊரே பேசுதுக்கா" என்று யாராவது ஆரம்பித்தால், "ஊர்ல யாரு? பேரச் சொல்லு" என்பார். "வலியில உயிரே போச்சு" என்றால், "போவலியே, நின்னு பேசிகினு தான கீற. வலிச்சிதுன்னு சொல்லு, போதும்" என்பார். அவருடைய வலியையும் அப்படித்தான் சொல்வார். இன்றைக்கு நேற்றைவிட மோசம், இன்றைக்குப் பரவாயில்லை, இன்றைக்கு இடது கை மட்டும். கூட்டியும் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார்.

வலி கையில்தான் ஆரம்பித்தது. ஃபிளை பிரஸ் என்று ஒரு மிஷின் உண்டு. கரண்டு கிடையாது. மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்து வேகமாகச் சுற்றி இறக்க வேண்டும், தகடு வெட்டுப்பட்டுக் கீழே விழும். நாள் முழுக்க அதையே செய்ய வேண்டும். அக்கா பல வருஷம் அந்த மிஷினில் இருந்தார். ஒரு மழைக்காலத்தில் இரண்டு கையிலும் விரல் முட்டிகள் வீங்கின. பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். வேலை செய்து செய்து வந்த வலி என்று நாங்கள் நினைத்தோம். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, முடக்குவாதம், அது ரத்தத்திலேயே இருக்கிறது, உடம்பே தன் மூட்டைத் தின்கிற வியாதி என்று சொன்னார்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிடுகிற மஞ்சள் மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட மறுநாள் அக்காவுக்கு வயிற்றைப் புரட்டும். சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனாலும் விடவில்லை. "இத்த உட்டா விரலு கோணிக்குமாம். கோணினா திரும்பாதாம். டாக்டரு தலையத் தூக்காமயே சொன்னாரு. தலையத் தூக்காம சொல்றவன் பொய் சொல்ல மாட்டான், அவனுக்கு இன்னா லாபம்?" என்றார்.

ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கம்பெனியில் அவரைச் செக்கிங் பெஞ்சுக்கு மாற்றினார்கள். விளக்கு வெளிச்சத்தில் வாஷரைப் புரட்டிப் பார்த்து, பிசிர் உள்ளதைத் தனியாகத் தள்ளுகிற வேலை. உட்கார்ந்து செய்யலாம். கை இளகும்வரை மெதுவாகச் செய்யலாம். அந்தப் பெஞ்சை வைத்துத்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது, மகள் பள்ளிக்கூடம் போனாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததெல்லாம் அந்தப் பெஞ்சைச் சுற்றித்தான்.

இந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு. காலையில் எழுந்திருக்கும்போது கை இறுகிக் கிடக்கும். அக்காவால் சொம்பைப் பிடிக்க முடியாது. மகள்தான் தலைவாரிப் புடவையில் ஊக்கு குத்திவிடுவாள். வெயில் ஏற ஏற விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். மத்தியானத்துக்குமேல் கரண்டி பிடிக்கலாம். சாயங்காலம் பார்த்தால் வீக்கம் அப்படியே இருக்கும், ஆனால் விரல்களை மூடித் திறக்கலாம். பார்க்கிறவர்களுக்கு இது நாடகம்போல இருக்கும். "காலைல அப்படிக் கத்துனா, இப்ப பாரு அரிசி பொடைக்கிறா" என்று காம்பவுண்டிலேயே பேசினார்கள். பேசட்டும். அவர்களுக்கு இறுகவில்லை.

"என் கையி செகண்ட் ஷிஃப்டுக்காரி தம்பி. கம்பெனில பொம்பளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்டு தான் குடுக்குறான். இன்னா பண்றது?" என்பார் அக்கா.

முதல் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் அவரால் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாது. அதனால் என் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வருவார். கேரியரையும் பிடிக்க முடியாது என்பதால் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, குழிகளில் வண்டி ஏறி இறங்கும்போது என் முதுகில் தோளைச் சாய்த்துக்கொள்வார். டீக்கடையில் ஒருவன் தினமும் விசில் அடிப்பான்.

"இன்னா மாமே, காலங்காத்தால டபுள்ஸா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசும். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொல்வார். "ஆமாண்டா. உன் பொண்டாட்டியயும் வரச் சொல்லு, முன்னாடி பாருல எடம் கீது."

நோய் வந்தவர்களுக்கு நோயைவிடப் பெரிய தொல்லை யோசனை சொல்கிறவர்கள். புறா ரத்தம் தடவச் சொன்னார்கள். வேலூர்ப் பக்கம் ஒரு பொடி இருக்கிறது என்றார்கள். போன ஜென்மத்துப் பாவம் என்று ஒருத்தி சொன்னாள். அவளிடம், "போன ஜென்மத்துல நீ எங்கூட இருந்தியா? கூட இருந்துட்டு உனுக்கு ஏன் வரல?" என்று அக்கா கேட்டார். ஆனால் அவர் எல்லாவற்றையும் தள்ளுகிறவரும் இல்லை. ஊசி வைத்தியத்தை அவர் தள்ளவில்லை.

அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஒருவர் ஊசி குத்தினார். மருந்து ஊசி அல்ல. முடியளவு மெல்லிய ஊசியை உடம்பில் அங்கங்கே குத்தி, சில ஊசிகளில் ஒயரை மாட்டி, சின்ன பேட்டரிப் பெட்டியில் இணைத்து, அரை மணி நேரம் படுக்கவைப்பார். சீன வைத்தியம் என்றார்கள். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடியில் வேலை பார்த்து ரிட்டையரான பிறகு எங்கேயோ போய் இதைக் கற்றுக்கொண்டு வந்தவர். எல்லோரும் டாக்டர் சார் என்றார்கள். அக்கா ஊசிக்காரர் என்றார்.

அக்கா சில வாரம் தொடர்ந்து போனார். நான் சைக்கிளோடு வெளியே நிற்பேன். ஒருநாள் திரும்பும்போது கேட்டேன், "எப்படிக்கீதுக்கா?"

பின்னால் உட்கார்ந்து கிழமைகளை முணுமுணுத்து எண்ணினார். கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரியும். "வலி கொறையுது. குத்துன அன்னிக்கும் அடுத்த ரெண்டு மூணு நாளைக்கும் நல்லாத் தூங்குறேன். வீக்கம் கொறையல. காலைல கையி எறுகுறது அப்படியே கீது. மாத்திர வேலைய மாத்திர செய்யுது, ஊசி வேலைய ஊசி செய்யுது. ரெண்டும் வோணும்."

அவ்வளவுதான் அவர் கண்டது. இதைப் போல அளவாக யாரும் அந்த மண்டபத்தில் பேசவில்லை. பேசியிருந்தால் இதை நான் எழுத வேண்டிய தேவையே இல்லை.

ஊசிக்காரருக்குக் கை நல்ல கை. அதை நான் மறுக்க மாட்டேன், அக்காவும் மறுக்கவில்லை. குத்தினது தெரியாமல் குத்துவார். ஆனால் அவருக்கு மேடை வேண்டும். சாயங்காலம் எல்லோருக்கும் குத்தி முடித்ததும், மண்டபத்து மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, யாராவது ஒருவரை மேலே கூப்பிடுவார். முழங்கால் வலிக்காரரை நடக்கச் சொல்வார். கை வலிக்காரரை விரலை மடக்கச் சொல்வார். கூட்டம் கைதட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூப்பிட்டார். அன்றைக்குக் கூட்டம் அதிகம் என்று நானும் உள்ளே வந்து சுவரோரம் நின்றிருந்தேன்.

"இந்த அம்மாவுக்கு முடக்குவாதம். எங்க போயும் கேக்கலை. இப்ப பாருங்க. கையை மூடும்மா."

அக்கா கையை மூடினார். சாயங்காலம் ஆகியிருந்தது, மூடியது.

"பாத்தீங்களா! ஒரு மாத்திரை கிடையாது, மருந்து கிடையாது. ஊசி மட்டுந்தான்!"

அக்கா மைக்கின் பக்கம் சாய்ந்து, "இல்ல, நான் மாத்திரையும்..." என்று ஆரம்பித்தார். ஊசிக்காரர் சிரித்துக்கொண்டே மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கைதட்டல் எழுந்தது. மைக் இல்லாமலே அக்கா கத்தினார், "நான் மாத்திரையும் சாப்டுறேன்! இந்த நேரத்துக்கு தானா மூடும்!" கைதட்டுகிறவர்களுக்குக் காது கேட்காது. அதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். அக்காவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இப்போதும் யாராவது ஒரு மேடையில் ஒருவரை நிறுத்திக் கைதட்டச் சொன்னால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

முன் வரிசையில் எங்கள் கம்பெனி மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மாவுக்கு முழங்கால் வலி, அழைத்து வந்திருந்தார். அவரும் கைதட்டினார்.

மறுநாள் பத்து மணிக்கு மேனேஜர் செக்கிங் பெஞ்சுக்கு வந்தார். நல்ல முகத்தோடுதான் வந்தார். "என்னம்மா, கை குணமாயிடுச்சாமே. சந்தோஷம். நாளையிலேர்ந்து நீ பழைய மிஷினுக்கே போயிடு. பெஞ்சுக்கு வேற ஆள் போட்டுக்கறேன்."

"சார், குணமாவல சார். ஆஸ்பத்திரி சீட்டு உங்க கைல தான கீது?"

"சீட்டு எப்பவோ எழுதினது. நான் கண்ணால பாத்தேனே. நீதானே கையை மூடின?"

"அது சாயங்காலம் சார். காலைல மூடாது. நீங்க ஆறு மணிக்கு வந்து பாருங்க."

"ஆறு மணிக்கா?" அவர் சிரித்தார். "இங்க பாரும்மா. ஊசியில குணமாச்சுன்னு அவர் சொல்றார். மாத்திரை சாப்பிடுறேன்னு நீ சொல்ற. ரெண்டையும் போட்டா எதுல நல்லாச்சுன்னு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சி நீங்க இன்னா சார் பண்ணப் போறீங்க? கையி எனக்கு."

எதிர்த்துப் பேசிவிட்டார் என்று மேனேஜர் முகம் மாறியது. அவ்வளவுதான், முடிந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அக்கா ஃபிளை பிரஸ் முன்னால் நின்றார். விரல் கைப்பிடியைச் சுற்றி மடங்கவில்லை. இரண்டு மணிக்கட்டையும் கைப்பிடியில் கொடுத்து, உடம்பு எடையைப் போட்டு இழுத்தார். தகடு பாதி வெட்டுப்பட்டு நின்றது. பக்கத்து மிஷின் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சூப்பர்வைசர், "மெதுவாப் போடும்மா, எட்டு மணிக்கு மேல சரியாயிடும்ல" என்றான். அக்கா முகத்தில் வியர்வை வழிந்தது. மறுபடியும் மணிக்கட்டைக் கொடுத்து இழுத்தார். மத்தியானம் மேனேஜர் வந்தபோது கை கொஞ்சம் இளகி, மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "பாத்தியா?" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அந்த ஆளைப் பிடித்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், அக்காவின் காலைக் கையை அவனுக்கு மாட்டிவிட வேண்டும்போல இருந்தது.

வாரம் முடிவதற்குள் மணிக்கட்டு இரண்டும் வீங்கிப்போயின. வேலையை விட்டுவிடலாம் என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை. விட்டால் அடுப்பு எரியாது என்பது எனக்கும் தெரியும். அக்கா சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தபடி சொன்னார், "தம்பி, நாளைக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளன கெளம்பணும். ஊசிக்காரன் ஊட்டாண்ட உடு."

ஊசிக்காரர் வீட்டை ஒட்டி ஒரு பால் பூத் இருந்தது. காலை ஐந்து மணிக்கு அந்தத் தெருவே அங்கே வரிசையில் நிற்கும். பாதிப் பேர் ஊசிக்காரரிடம் வைத்தியம் பார்க்கிறவர்கள். அக்கா ஒரு பாக்கெட் பால் வாங்கினார். வாங்கினார் என்றால், பூத்காரர் அவருடைய இரண்டு முன்கைக்கும் நடுவில் வைத்தார். அப்படியே கொண்டுபோய் ஊசிக்காரர் வீட்டு கேட் முன்னால் படியில் உட்கார்ந்தார்.

வரிசையில் நின்ற ஒரு பெரியவர் அடையாளம் கண்டுகொண்டார். "அன்னைக்கு மேடையில கையை மூடிக் காட்டினது நீதானம்மா?"

"ஆமா சார். குணமாயிடுச்சாம். இந்தப் பாக்கெட்டோட மூலைய கிள்ளிக் காட்டட்டா?"

கிள்ளப் போனார். விரல்கள் குச்சிபோல நின்றன. பாக்கெட் நழுவி மடியில் விழுந்து, படியில் விழுந்து, உருண்டது. யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் எடுத்துக் கொடுத்தாள். அக்கா மறுபடியும் முயற்சி செய்தார். மறுபடியும் விழுந்தது. "பாத்துக்கோங்க. இதான் காலைல என் கையி. ஊசி குத்துனா வலி கொறையும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா மாத்திரைய நிறுத்தல நானு. நிறுத்துனன்னு அவன் சொன்னது பொய்யி."

நான் எதிர்ச் சுவரோரம் சைக்கிளோடு நின்றிருந்தேன். அன்று ஊசிக்காரர் வெளியே வரவில்லை. ஜன்னல் திரை மட்டும் அசைந்தது. மறுநாளும் அக்கா போனார். அதற்கு மறுநாளும் போனார். பால் வரிசை ஊசிக்காரர் வீட்டைப் பார்க்கத் திரும்பி நிற்க ஆரம்பித்த பிறகுதான் அவர் பனியனோடு வெளியே வந்தார்.

"ஏம்மா, எதுக்கு என் வாசல்ல உக்காந்து அசிங்கப்படுத்துத?"

"நான் இன்னா பண்ணேன்? கையக் காட்டிகினு கீறேன். நீ சாயங்காலத்துல காட்ன, நான் காலைல காட்றேன்."

அவர் கேட்டைத் திறந்து, படியில் குனிந்து, அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தார். விரலை மடக்கப் பார்த்தார். அக்கா பல்லைக் கடித்தார். அவர் உடனே விட்டுவிட்டார்.

"இவ்வளவு இறுகுதுன்னு நீ எங்கிட்ட சொல்லலையே."

"சொன்னேன். மேடைலயே சொன்னேன். நீதான் மைக்கப் புடுங்கிகின."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"எங்க கம்பெனிக்கு வா. மேனேஜர்கிட்ட நீ மேடைல சொன்னத வாபஸ் வாங்கு. என்ன பெஞ்சுல உக்கார வையி. அவ்ளோ தான்."

ஊசிக்காரர் வரிசையைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். ஆனால் தெருவின் இந்தப் பக்கம்வரை எனக்குக் கேட்டது.

"வாரேன். ஆனா ஒண்ணு. இனிமே மண்டபத்துல நீ வாயைத் திறக்கக்கூடாது. நான் யாரை மேல கூப்பிட்டாலும் சரி, என்ன சொன்னாலும் சரி. சம்மதம்னா இன்னைக்கே வாரேன்."

எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. செத்துக் கிடக்கிறவனைப் பற்றிக்கூடப் பொய் சொல்ல விடாதவரிடம் போய், உன் பெஞ்சு வேண்டுமென்றால் உன் வாயைக் கொடு என்றார் அந்த மனிதர். வேறு எதைக் கேட்டிருந்தாலும் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

அக்கா மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷிஃப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் அந்தக் கைகள் கைப்பிடியை இழுக்க வேண்டும்.

"மண்டபத்துக்குள்ள பேச மாட்டேன்" என்றார்.

சொன்னபடி ஊசிக்காரர் அன்றே கம்பெனிக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு மேனேஜர் அறையில் உட்கார்ந்து காபி குடித்தார். கதவு திறந்தே இருந்தது. "முன்னேற்றம் நல்லா இருக்கு சார். ஆனா காலையில மூட்டு இறுகத்தான் செய்யும். அது இந்த நோயோட குணம். கடின வேலை குடுக்காதீங்க" என்றார். மேனேஜர், "அப்படியா, நீங்க சொன்னா சரி டாக்டர்" என்றார். இந்த நாலு வார்த்தையைத்தான் அக்கா அன்றைக்கே சொன்னார். அவர் சொன்னபோது அது எதிர்ப்பேச்சு. இவர் காபி குடித்துக்கொண்டு சொன்னபோது அது வைத்தியம்.

மத்தியானமே அக்கா பெஞ்சுக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்துக்குப் போனார். எனக்குப் புரியவில்லை. "இன்னும் அவர்கிட்ட போறீங்களேக்கா?" என்று கேட்டேன்.

"அவன் வாயி வேற, கையி வேற. அந்தக் கையி குத்துனா எனக்குத் தூக்கம் வருது. அவன் வாயிக்காக நான் ஏன் தூக்கத்த உடணும்?"

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊசிக்காரர் மேடைக்கு ஒரு சின்ன வயது அம்மாவைக் கூப்பிட்டார். திருமழிசையிலிருந்து வருகிறவள். அவளுக்கும் அக்காவுக்கு இருந்த அதே நோய். புருஷன் கீழே பையை வைத்துக்கொண்டு நின்றான். "மாத்திரை எல்லாம் என்னம்மா பண்ணின?" என்று ஊசிக்காரர் கேட்டார். "தூக்கிக் குப்பையில போட்டுட்டேங்க" என்றாள் அவள். வாந்தி இல்லாமல் சாப்பிடுகிறேன் என்று சந்தோஷமாகச் சொன்னாள். கையை மூடினாள். மண்டபமே கைதட்டியது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் ஊசிகள் நின்றன, ஒயர் மாட்டியிருந்தது. ஊசிக்காரர் மேடையிலிருந்து அவரைப் பார்த்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு வெளுக்கும்படி வாயை இறுக்கியிருந்தார். பேசவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்ததைச் சுவரோரத்திலிருந்தே பார்த்தேன். அவர் கத்தியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

ஊசியை எடுத்ததும் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை. முழங்கால் வலியோடு வாசலுக்கு வேகமாக வந்தார். "எங்க போனா அந்தப் பொண்ணு?"

"பஸ் ஸ்டாண்டுக்கு. வேணாங்கா, ஒத்துக்கினீங்களே..."

"மண்டபத்துக்குள்ளதான ஒத்துக்கினேன்? ரோடு இன்னா அவன் அப்பன் ஊடா?"

அந்தப் பெண் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அக்கா ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார்.

"பொண்ணே, காலைல எழுந்தா சொம்பப் புடிக்க முடியுதா?"

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. புருஷனைப் பார்த்தாள். அவன், "யாரும்மா நீ? போம்மா" என்றான். அவள் அக்காவின் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்துவிட்டு, மெதுவான குரலில், "முடியலைங்க" என்றாள்.

"மாத்திரைய ஏன் உட்ட?"

கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் நகர்ந்தது. அவள் ஜன்னலில் தலையை நீட்டி, "நீங்க எந்த ஆஸ்பத்திரிங்க?" என்று கேட்டாள்.

"தம்பி, எட்ரா வண்டிய!"

நான் யோசிக்கவில்லை. அக்கா பின்னால் ஏறினார். பூந்தமல்லி வழியாகப் போகிற அந்தப் பஸ்ஸின் பின்னால் நான் மிதித்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம், ரோடு முழுக்க ஜனம். புட்போர்டில் தொங்கிய பையன்கள் விசில் அடித்தார்கள். "அண்ணாத்தே, இன்னும் அழுத்து! யக்கா, டிக்கெட் எடு!" என்றார்கள். கண்டக்டர் தலையை நீட்டிக் கெட்ட வார்த்தை சொன்னான். மாட்டு வண்டி குறுக்கே வந்து பஸ் வேகம் குறைந்தபோது அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் போய்விட்டேன். அக்கா ஆஸ்பத்திரியின் பேரையும், எந்தக் கிழமை எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதையும் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அந்தப் பெண் தலையை ஆட்டினாள். புருஷன் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டான்.

அக்கா கையை மூடி, அந்தப் பஸ்ஸின் தகரத்தில் ஓங்கிக் குத்தினார். ஒரு தடவை அல்ல.

"ஊசி குத்திக்கோ, வேணான்னு சொல்லல! மாத்திரைய உடாத! கேக்குதா? மாத்திரைய உடாத!"

வண்டி ஆடியது. பஸ் மறுபடியும் வேகம் எடுத்தது. தெருவே நின்று எங்களைப் பார்த்தது. ஷட்டர் அரை அடி மேலே ஏறி, அதன் கீழே அந்தப் பெண்ணின் கை தெரிந்தது.

"போ தம்பி, போ! இன்னும் கிட்டப் போ!"

நான் மிதித்தேன்.